இருபதுக்கு இருபத்தைந்து

வால்டிவியாவில் மழை நிற்பதில்லை.
சட்டத்தை முதலில் வாங்கிவிட்டு
படத்தை அப்புறம் தேடுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.
எதெல்மிரா கத்ரிலேயோவும் அப்படித்தான் வந்தாள்.
பிளாஸ்டிக் பைக்குள் சட்டம்,
சட்டைப் பைக்குள் மெமரி கார்டு,
குடையில்லாத தலை.

"இருபதுக்கு இருபத்தைந்து.
கிளப் சுவரில் ஆணி அந்த அளவுக்கு அடித்திருக்கிறது.
ஐம்பத்திரண்டிலிருந்து எல்லாரும்
அதே அளவில்தான் தொங்குகிறார்கள்."

திரையில் திறந்தேன்.
நீளமான படகு, நீளமான படம்.
துடுப்பு வலிக்கும் நாலு பேர்.
வலது ஓரத்தில் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருப்பது இவள்.
வாய் திறந்திருக்கிறது.
என்ன கத்தினாளோ, ஆற்றைத்தான் கேட்க வேண்டும்.

கேமரா செய்தவன் மூன்றுக்கு இரண்டு என்கிறான்,
சட்டம் செய்தவன் ஐந்துக்கு நான்கு என்கிறான்.
இருவரும் ஒருநாளும் சந்தித்ததில்லை.
பதினெட்டு வருஷமாக
இந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்று
நான்தான் பஞ்சாயத்து பண்ணுகிறேன்.

"உயரத்தை அப்படியே வைத்தால்
அகலத்தில் ஐந்து சென்டிமீட்டர் போகும்."
"ஐந்துதானே?"
"அந்த ஐந்தில் ஒரு ஆள் இருக்கிறார்."

நீலப் பெட்டியை நகர்த்திக் காட்டினேன்.
வலப்பக்கம் வெட்டினால் சுக்கான்காரி இல்லை.
இடப்பக்கம் வெட்டினால் முன்முனைக்காரன் இல்லை.
பாதிப் பாதி என்றால்
இவளுக்குப் பின்மண்டை போகும்,
அவனுக்கு முதுகு போகும்.

"இழுத்து ஒடுக்க முடியாதா?"
ஒடுக்கினேன்.
நாலு பேரும் பத்து நாள் பட்டினி கிடந்தவர்கள் ஆனார்கள்,
படகு தொட்டில் ஆனது.
சிரித்துவிட்டாள்.
"இது கரையை விட்டே கிளம்பாது."

மேலும் கீழும் வெள்ளை விட்டு
முழுப்படத்தையும் உள்ளே உட்காரவைத்தேன்.
முகங்கள் துவரம்பருப்பாயின.
"கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, வேண்டாம்."

விறகடுப்பின் பக்கம் போய் நின்றாள்.
கம்பளிச் சட்டையிலிருந்து ஆவி எழுந்தது.
அடுப்பைப் பார்த்தே சொன்னாள்:
"இடப்பக்கம் வெட்டுங்கள்.
ரிகோபெர்த்தோ இப்போது எதிர்க்கரை கிளப்பில் வலிக்கிறான்."

நான் எதுவும் கேட்கவில்லை. பெட்டியை நகர்த்தினேன்.
மூன்று பேர், ஒரு சுக்கான்,
நாலு துடுப்பு.

வலித்து முடிந்த கணம் அது.
அவனுடைய துடுப்பின் பலகை மட்டும்
சட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு,
சொட்டச் சொட்ட,
யார் கையும் இல்லாமல்
தண்ணீரிலிருந்து எழுந்துகொண்டிருந்தது.

"இதை அழிக்கலாமா?"
"அழிக்கலாம், இரண்டாயிரம் பெசோ கூடும்."
மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள்.
"அந்த இழுப்பில் பிசகாதவன் இவன் ஒருத்தன்தான்,"
என்றாள், திட்டுவது போல.
"இருந்துவிட்டுப் போகட்டும்.
முப்பதிலேயே அச்சடியுங்கள்,
நானே வெட்டிக்கொள்கிறேன்."

தாள் சூடாக வந்து விழுந்தது.
வெட்டுக்கத்தியின் கைப்பிடியை
அவளே பிடித்து இறக்கினாள்.
என் குப்பைக்கூடையில் ஏற்கெனவே
நிறைய முழங்கைகள், பாதி நாய்கள்,
போன வாரக் கல்யாணத்தில் ஒரு மாமனார்.
கூடையை நகர்த்திக் கொடுத்தேன்.
அவள் பார்க்காதது போல் இருந்தாள்.

ஐந்துக்கு இருபது.
இப்படி ஒரு அளவு என் விலைப்பட்டியலில் கிடையாது.
பர்ஸில் வைத்துப் பார்த்தாள், நீட்டிக்கொண்டு நின்றது.
பஸ் அட்டை உறையிலும் நுழையவில்லை.
மடிக்க மனசில்லை போலிருக்கிறது.
கடைசியில் சட்டத்தைக் கவிழ்த்து,
படத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவில்
அவனைச் செருகி,
தகரக் கொக்கிகளை ஒவ்வொன்றாக
கட்டைவிரலால் அழுத்தினாள்.
ஒரு கொக்கி மட்டும் படியவில்லை.

ரசீதில் இருபதுக்கு முப்பது என்று எழுதினேன்.
மடித்துப் பையில் போட்டுக்கொண்டு
மழைக்குள் போனாள்.

அடுத்து வந்த பையன் கைப்பேசியை நீட்டினான்.
கம்பம் மாதிரி நெட்டைப் படம்,
சதுரமாக வேண்டுமாம்.
தலையா காலா என்று கேட்டேன்.